எல்லை கடந்து இரவுக்குள் வீடு திரும்பும் கல்வி

காலையில் ஒரு நாட்டிலிருந்து புறப்பட்டு, பகல் முழுவதும் வேறொரு நாட்டைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பும் பயணத்தைப் பிள்ளைகளுக்கான பாடமாகவே அமைத்துக்கொள்ளும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கல்வி புகட்டும் பெற்றோர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். எம்மவர் செறிந்து வாழும் லண்டன், ரொறன்ரோ, சிங்கப்பூர் ஆகிய மூன்று நகரங்களிலிருந்தும் ஒரே நாளில் அயல்நாடொன்றுக்குச் சென்று திரும்ப முடியும் என்பதால், இவ்விடயம் எமது சமூகத்துக்கும் அந்நியமானதல்ல.

ஊர்காவற்றுறைத் தீவிலே சரவணைக்கும் நாரந்தனைக்கும் அயலில் உள்ள புளியங்கூடலை எடுத்துக்கொள்வோம். திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பேரப்பிள்ளையிடம் "எந்தப் பள்ளிக்கூடத்திலை படிக்கிறாய்?" என்று அம்மம்மா கேட்க, "பள்ளிக்கூடம் போறதில்லை அம்மம்மா, வீட்டிலை அம்மாதான் படிப்பிக்கிறா" என்று பிள்ளை பதில் சொன்னால், அந்த முதியவர் திகைத்துத்தான் போவார். எத்தகைய இடர் வந்தபோதும் பிள்ளையின் படிப்பை மட்டும் விட்டுக்கொடுக்காத மண் இது. எனவே வீட்டுக்கல்வி என்றால் என்ன, அதிலே ஒரு நாள் வெளிநாட்டுப் பயணத்துக்கு என்ன இடம், அதனால் எமக்கு என்ன பயன் என்பவற்றைச் சற்று விரிவாக நோக்குதல் பொருத்தமானதாகும்.

முதலில் சட்டநிலையைக் கவனிப்போம். இங்கிலாந்தில் பிள்ளைக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. பாடசாலையிலோ வேறு வகையிலோ அதனை நிறைவேற்றலாம் என 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கூறுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டிலே கற்பிக்க விரும்பும் பெற்றோர் தமது எண்ணத்தைக் கல்விச் சபைக்கு எழுத்தில் அறிவிக்கின்றனர். சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் விதிவிலக்குப் பெறவேண்டும். அவ்வாறு பெற்ற பிள்ளையும் ஆரம்பக் கல்வி முடிவில் ஏனைய மாணவரைப் போலவே தேசியப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். பிரான்ஸில் 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் அரசின் முன் அனுமதி தேவைப்படுகிறது. ஜேர்மனியிலோ பாடசாலைக்குச் செல்வது கட்டாயம் என்பதால் வீட்டுக்கல்விக்குப் பொதுவாக இடமில்லை. எமது நாட்டில் ஐந்து முதல் பதினான்கு வயது வரை என 1998இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி விதி, 2016இல் பதினாறு வயது வரை நீடிக்கப்பட்டது. ஆகவே லண்டனில் உள்ள உறவினர் செய்கிறார் என்பதற்காகப் பாரிஸில் உள்ளவரோ யாழ்ப்பாணத்தில் உள்ளவரோ அப்படியே பின்பற்ற முடியாது. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், தத்தம் நாட்டின் கல்வி அதிகாரிகளிடம் கேட்டறிந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

வீட்டுக்கல்வி பெறும் பிள்ளைக்கு ஒரு நாள் பயணம் ஏன் வாய்ப்பாகிறது என்பதற்குக் காரணங்கள் உள்ளன. இங்கிலாந்தில் பாடசாலை மாணவரைத் தவணைக் காலத்தில் அனுமதியின்றி அழைத்துச் சென்றால் பெற்றோர் அபராதம் செலுத்த நேரிடலாம். விடுமுறையிலோ பயணக் கட்டணம் ஏறிவிடுகிறது. வீட்டிலே கற்கும் பிள்ளையோ ஒரு செவ்வாய்க்கிழமையில், சனநெரிசல் இல்லாத வேளையில், குறைந்த கட்டணத்தில் சென்றுவரலாம். விடுதிச் செலவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு பிள்ளையின் மனம் ஒரு நாளில் கொள்ளக்கூடியது ஓரளவே. ஒரு கேள்வியைக் கொண்டு சென்று ஒரு விடையோடு திரும்புவதற்கு ஒரு நாள் போதுமானது.

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தையே உதாரணமாகக் கொள்ளலாம். அங்கிருந்து பிரான்ஸின் கலே துறைமுகத்துக்குக் கப்பலில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலப் பயணம். கடலுக்கு அடியில் அமைந்து 1994இல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதையூடாக வாகனத்தோடு புகையிரதத்தில் சென்றால் 35 நிமிடங்களே ஆகின்றன. இச்சிறு தூரத்திலேயே பாடங்கள் பல காத்திருக்கின்றன. டோவரில் கப்பலேறும் முன்னரே பிரெஞ்சு அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பரிசோதிப்பர். ஒரு நாட்டின் எல்லைக் காவல் இன்னொரு நாட்டின் மண்ணில் எவ்வாறு நடைபெறுகிறது என்று பிள்ளை கேட்டால், இரு நாடுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கை என்றால் என்னவென்று விளக்கலாம். இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தவேண்டும். வாகனம் வீதியின் வலப்பக்கத்துக்கு மாறுகிறது. பவுண் யூரோவாகிறது. கடையிலே ஒரு பாண் வாங்கிப் பெற்ற மீதிப் பணத்தைக் கணக்கிடும் பிள்ளைக்கு நாணய மாற்று வீதத்தைத் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

கட்டுச்சோறும் கூட ஒரு சட்டப் பாடமாகிவிடும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின்னர், அங்கிருந்து செல்லும் பயணிகள் இறைச்சியையும் பாலுணவையும் ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு. தயிர்ச்சோறும் இறைச்சி ரொட்டியும் வீட்டிலேயே நிற்க, புளிச்சோறு மட்டும் எல்லை கடக்கும். ஏன் என்று பிள்ளை கேட்கும்போது, கால்நடை நோய் எவ்வாறு நாடு விட்டு நாடு பரவுகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

கலேயிலிருந்து வாகனத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத் தொலைவில் நெவ் சப்பல் என்னும் சிற்றூர் உள்ளது. முதலாம் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கு நடந்த சமரிலே பிரிபடாத இந்தியாவின் படையினர் பெருந்தொகையில் மாண்டனர். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் உயிர்நீத்து, அடையாளம் காணத்தக்க கல்லறை எதுவும் இல்லாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவாலயம் 1927இல் அங்கு திறந்து வைக்கப்பட்டது. இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர் ஆகியோரின் பெயர்கள் ஒரே சுவரில் வரிசையாக நிற்கின்றன. அங்குள்ள தூணிலே இறைவன் ஒருவனே என்னும் கருத்து ஆங்கிலத்தோடு அரபு, இந்தி, குருமுகி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அச்சுவரின் முன் நின்று பெயர்களை வாசித்தால், ஐரோப்பியப் போரில் ஆசியர் ஏன் மடிந்தனர் என்ற கேள்வி தானே எழும்.

சிங்கப்பூரில் தூரம் இன்னும் குறைவு. 1924ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான கடற்பாலத்தைக் கடந்தால் மலேசியாவின் ஜொகூர் பாரு. அங்கு கண்ணாடியால் இழைக்கப்பட்ட ராஜகாளியம்மன் ஆலயமும், 1900இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபூபக்கர் பள்ளிவாசலும் உள்ளன. ஆனால் பாலத்தின் ஓரமாகச் செல்லும் தண்ணீர்க் குழாய்களையே பிள்ளைக்கு முதலில் காட்டவேண்டும் என்பது எமது எண்ணம். 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சிங்கப்பூர் 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கலன் வரை நீரைப் பெறலாம். ஒரு நாடு தன் குடிநீருக்காக அயல்நாட்டுடன் நல்லுறவு பேணவேண்டியிருப்பதை அக்குழாய்கள் சொல்லாமல் சொல்லும். உவர்க் கிணறுகளிடையே நன்னீர்க் கிணற்றைத் தேடி நடந்த தீவகத்தவரின் பேரப்பிள்ளைகள் இப்பாடத்தை எளிதில் புரிந்துகொள்வர்.

இவற்றை வாசிக்கும்போது, எமது கடலில் இவ்வாறு செல்ல முடியாதா என்ற ஏக்கம் எழுவது இயல்பே. டோவர் நீரிணையின் ஒடுங்கிய பகுதி ஏறத்தாழ 33 கிலோமீற்றர் அகலமானது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தூரமோ ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. அங்கு நாள்தோறும் பல கப்பல்கள் போய்வருகின்றன. இங்கு அவ்வழியில் பயணிகள் சேவை எதுவும் இல்லை. தூரம் ஒன்றாயிருக்க நிலைமை வேறாகியது ஏன் என்பதே எமது பிள்ளைகளுக்கான முதல் வரலாற்றுப் பாடமாக அமையலாம்.

எமது கடல் எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, அந்நிய நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்திறங்க வேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும், வணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் அது பங்கு வகுத்துள்ளது. புளியங்கூடலுக்கு மிக அண்மையில் உள்ள துறைமுகத்தில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நியரை வரவேற்கும் சட்டம் நடைமுறையில் இருந்ததென்பது சிறு விடயமல்ல.

பிற்காலத்திலும் இத்துறையிலிருந்து பாய்க்கப்பல்கள் தமிழகக் கரைகளுக்குச் சென்றுவந்தன. சைவர்கள் சிதம்பரத்துக்கும், முஸ்லிம்கள் நாகூர் தர்காவின் கந்தூரிக்கும் கடல் கடந்து சென்றனர். நாகூர் ஆண்டகையின் நினைவாகச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் எமது கல்முனைக் கடற்கரையிலும் எழுந்த தலங்கள், அக்கடல்வழித் தொடர்பு எவ்வளவு தூரம் நீண்டதென்பதற்குச் சான்றாகும். வடமராட்சிக் கரையிலிருந்து வள்ளமேறிக் கோடியக்கரைப் பக்கம் போய்ப் படம் பார்த்துத் திரும்பியதாக மூத்தோர் சொல்லும் கதைகளும் உண்டு. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டுடன் புகையிரதத்திலும் கப்பலிலுமாகக் கொழும்பு வரை வர முடிந்தது. 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்ற சேவையும் 1980களில் போரோடு நின்றுபோயிற்று.

அதன் பின்னர் எமது மக்கள் கடல் கடக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. முன்னரிலும் பெருந்தொகையானோர் கடந்தனர். ஆனால் அவர்கள் திரும்பி வருவதற்காகச் செல்லவில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணித்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். காலையில் அயல்தீவுக்குப் போய் மாலையில் திரும்புவதே உயிராபத்தாகிய நாள் அது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. அதே காலப்பகுதியில் தீவக மக்களும் இடம்பெயர்ந்து, ஊர்கள் வெறிச்சோடின. புத்தளத்து முகாம்களிலும் வன்னியின் மரநிழல்களிலும் இராமேஸ்வரம் நோக்கிய படகுகளைக் காத்திருந்த கரைகளிலும் எமது பிள்ளைகள் கையில் இருந்த கொப்பியைக் கொண்டு படித்தனர். பாடசாலை இல்லாக் கல்வியும் எல்லை கடந்த பயணமும் எமக்குப் புதியவையல்ல. எமக்கு அவை விருப்பத்தால் வந்தவை அல்ல என்பதே வேறுபாடு.

இதனால்தான் ஒரு நாள் பயணத்தை வெறும் உல்லாசமாக நாம் கருதவில்லை. போய்த் திரும்புதல் என்பதே அதன் உட்பொருள். அகதியாக எல்லை கடந்தவரின் பிள்ளைக்கு எல்லை என்றவுடன் வீட்டார் சொன்ன அச்சக் கதைகளே நினைவுக்கு வரும். அந்தப் பிள்ளை ஒரு நாள் கடவுச்சீட்டைக் கையில் ஏந்தி, அதிகாரியின் கேள்விக்குத் தானே பதில் சொல்லி, அயல்நாட்டைப் பார்த்துவிட்டு இரவில் தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போது, எல்லை கடந்தால் திரும்ப முடியாது என்ற எண்ணம் அதன் மனதிலிருந்து அகலத் தொடங்கும். எந்தப் பாடநூலும் அதனைக் கற்பிக்காது.

எனினும் எல்லோருக்கும் இது எளிதன்று. ஒரே குடும்பத்தில் பிள்ளை பிரித்தானியக் குடியுரிமையுடனும், தாய் இலங்கைக் கடவுச்சீட்டுடனும், தந்தை அகதிப் பயணப் பத்திரத்துடனும் வாழும் நிலை எம்மவரிடையே உண்டு. பிள்ளைக்கு விசா தேவையில்லாத இடத்துக்கு, பெற்றோரில் ஒருவருக்கு அது தேவைப்படலாம். தாயோ தந்தையோ தனித்து அழைத்துச் செல்லும்போது மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருப்பது நல்லது. 2025 ஒக்டோபர் முதல் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் படிப்படியாக நடைமுறைப்படுத்திய புதிய பதிவு முறையில், வெளிநாட்டுப் பயணிகளின் முகப்படமும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரின் விரல் அடையாளமும் பெறப்படுகின்றன. அதற்கான நேரத்தையும் கணக்கிட்டே புறப்படவேண்டும். பத்திரங்களைச் சரிபார்க்காமல் துறைமுகம் வரை சென்று, பிள்ளையின் கண்முன்னே திருப்பி அனுப்பப்படுதல் வேண்டாத பாடமாகிவிடும்.

பயணம் பாடமாவதற்கு மூன்று படிகள் போதும். புறப்படுமுன் வரைபடத்தை விரித்து, அறியவேண்டிய கேள்வி ஒன்றைப் பிள்ளையே எழுதவேண்டும். பயணத்தின்போது அந்தக் கேள்விக்கான விடையைத் தேடுவதே முதல் வேலையாக வேண்டும். ஒரே நாளில் ஐந்து இடங்களைக் காட்டினால் பிள்ளைக்கு ஞாபகத்தில் நிற்பது களைப்பு மட்டுமே. திரும்பிய மறுநாள் தான் கண்டதைப் பிள்ளை தமிழில் ஒரு பக்கமாவது எழுதி, ஊரில் உள்ள பாட்டனுக்கோ வாப்பும்மாவுக்கோ வாசித்துக் காட்டவேண்டும். தொழுகை நேரமும் ஒரு பாடமே. யாழ்ப்பாணத்தில் மேற்கிலிருந்து சற்று வடக்காக உள்ள கிப்லா, லண்டனில் தென்கிழக்காக அமைகிறது. திசை என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதையும், உலகம் உருண்டை என்பதையும் தொழுகை விரிப்பிலிருந்தே ஒரு பிள்ளை உணர்ந்துகொள்ளலாம்.

எமது கரையிலிருந்து அயல்நாடு சென்று ஒரே நாளில் திரும்பும் காலம் இன்னும் வரவில்லை. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 முதல் மீண்டும் தொடங்கியது. கடற்பயணம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். ஆனால் கப்பல் காலையில் நாகபட்டினத்திலிருந்து புறப்பட்டு, பகலில் காங்கேசன்துறையிலிருந்து திரும்பும் வகையிலேயே சேவை அமைந்தது. அங்குள்ளவர் எமது கரையை மிதித்துவிட்டு அன்றே திரும்பலாம். எமது பிள்ளைகள் அங்கு ஓர் இரவேனும் தங்கவேண்டும். விசாவும் தேவை. ஆண்டுதோறும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரையினரும் சந்திக்கின்றனர். கச்சதீவு 1974 உடன்படிக்கையின் மூலம் இலங்கைக்கு உரியதாகிய பின்னரும், இந்திய யாத்திரிகர்கள் அங்கு விசா இன்றி வந்துபோகின்றனர். திருவிழாவுக்குச் சாத்தியமாகும் இணக்கம் கல்விக்கும் ஏன் சாத்தியமாகக் கூடாது? ஆசிரியர் பொறுப்பில் செல்லும் மாணவர் குழுவுக்கு எளிய அனுமதியும், மாதம் ஒரு முறையேனும் எமது கரையிலிருந்து காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் கப்பலும் வேண்டும் என்பதை இரு அரசுகளிடமும் கேட்பதில் தவறில்லை.

அதுவரை எமது பிள்ளைகள் காத்திருக்கவேண்டியதில்லை. புளியங்கூடலிலிருந்து காலையில் புறப்பட்டால் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, நயினாதீவின் கல்வெட்டையும் அம்மன் ஆலயத்தையும் அயலில் உள்ள நாகதீப விகாரையையும் ஒரே நடையில் காணலாம். இன்னொரு நாளில் நெடுந்தீவுக்குச் சென்று முருகைக்கல் வேலிகளையும் மட்டக் குதிரைகளையும் பெருக்க மரத்தையும் பார்க்கலாம். ஆபிரிக்காவுக்குரிய பெருக்க மரம் அங்கு எவ்வாறு வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், கடல்வழி வணிகத்தின் கதையை அங்கிருந்தே தொடங்கலாம். விடுமுறையில் வந்திருக்கும் புலம்பெயர்ந்த பிள்ளைக்கு இதுவும் வெளிநாட்டுப் பயணமே. அதனை ஊரிலுள்ள மைத்துனப் பிள்ளைகளோடு சேர்த்து அனுப்பினால், இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராவர்.

வீட்டுக்கல்வி குறித்து எமக்கு ஐயங்கள் இல்லாமலில்லை. சகவயதினரோடு பழகுதல், ஆய்வுகூடம், விளையாட்டு, பரீட்சைக்கான ஒழுங்கு ஆகியவற்றைப் பாடசாலையே எளிதாக வழங்குகிறது. தாயோ தந்தையோ வேலையைத் துறந்து வீட்டிலிருக்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. பெண்பிள்ளையை வீட்டோடு நிறுத்துவதற்கு இது ஒரு சாட்டாகவும் ஆகிவிடக் கூடாது. கப்பலேறி அயல்நாடு பார்க்கும் வாய்ப்பு மகனுக்கு என்றால் மகளுக்கும் உரியதே. எனவே எல்லோரும் பாடசாலையை விட்டு விலகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வீட்டிலே கற்பிப்போர் கண்டறிந்த ஒரு நல்ல வழியைப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோரும் ஒரு சனிக்கிழமையில் பின்பற்றலாம் என்றே சொல்கிறோம்.

எமது முன்னோர் வணிகத்துக்காகவும் வழிபாட்டுக்காகவும் கடல் கடந்து வீடு திரும்பினர். அவர்களுக்குப் பின்வந்தோர் உயிரைக் காக்கக் கடந்தனர். அவர்களில் பலருக்கு ஊருக்குத் திரும்பும் பேறு வாய்க்கவில்லை. மூன்றாவது தலைமுறை அறிவைத் தேடிக் கடந்து, அன்றிரவே வீடு வந்து சேரட்டும். புளியங்கூடலின் அம்மம்மா அடுத்த முறை பேரப்பிள்ளையிடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் கேளாமல், எங்கே போனாய், என்ன கண்டாய் என்றும் கேட்பாராக. விடை சொல்லத் தெரிந்த பிள்ளை எங்கிருந்து கற்றாலும் கற்ற பிள்ளையே.